படிவத்தின் ஆறாவது வரி

நாய்க்குட்டி செவலையைக் காப்பகத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று நான் கையெழுத்துப் போட்ட படிவத்தின் நகல் இன்னும் என் பீரோவில் இருக்கிறது. இரண்டு பக்கம். பெயர், முகவரி, ஆதார் நகல், வீடு சொந்தமா வாடகையா, வாடகை என்றால் வீட்டுக்காரர் சம்மதம் இருக்கிறதா, நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டிப்போட மாட்டேன், மொட்டை மாடியில் விட்டுவைக்க மாட்டேன், வேறு யாருக்கும் கைமாற்றிவிட மாட்டேன் என்று வரிசையாகப் போகும். ஆறாவது வரி இது: 'குட்டிக்கு ஆறு மாதம் முடிந்ததும் கருத்தடை அறுவை சிகிச்சை செய்து, அதற்கான சான்றை அனுப்புவேன்.' அந்த ஒரு வரிக்குப் பக்கத்தில் மட்டும் தனியாக ஒரு கையெழுத்து கேட்டார்கள். போட்டேன்.

அது 2021 பிப்ரவரி. இரண்டரை மாதக் குட்டி, காது இரண்டும் இன்னும் நிமிரவில்லை, வயிறு மட்டும் சின்னப் பானை போல உப்பியிருந்தது. காப்பகத்தில் இருந்த அக்கா, "குடும்பக் கட்டுப்பாடு மட்டும் மறந்துடாதீங்கம்மா, பொட்டக்குட்டி" என்று கேட் வரைக்கும் வந்து சொன்னார். தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்கு அப்புறம் நடந்ததை எழுதத்தான் இதை ஆரம்பித்தேன். இப்போது அந்தக் காப்பகத்துக்காக, தத்துக் கொடுத்த வீடுகளுக்குப் போன் பண்ணி "ஆபரேஷன் ஆச்சா?" என்று கேட்கிற வேலையை நான் செய்கிறேன். எதிர்முனையில் இருப்பவர்களில் நிறையப் பேர், நான் அன்று சொன்ன அதே காரணங்களை, பெரும்பாலும் அதே வார்த்தைகளில் சொல்கிறார்கள்.

ஜூனில் செவலைக்கு ஆறு மாதம். மே 10-ஆம் தேதி தொடங்கிய முழு ஊரடங்கு அப்போதும் முழுதாக விலகவில்லை, பக்கத்து கிளினிக்கில் அவசர கேஸ் மட்டும்தான் பார்த்தார்கள். ஜூலையில் சோறு சாப்பிடாமல் சுருண்டு படுத்தாள், ரத்தம் எடுத்துப் பார்த்தால் உண்ணிக் காய்ச்சல், தட்டணுக்கள் பாதாளத்தில் இருந்தன, இந்த நிலையில் கத்தி வைத்தால் ரத்தம் நிற்காது என்று மருத்துவர் சொல்லி டாக்ஸிசைக்ளின் மாத்திரை 28 நாளைக்கு எழுதிக்கொடுத்தார். அது முடிவதற்குள், ஆடி கழியட்டும் என்று அத்தை சொன்னார். ஆடி கழிந்ததும், "ஒரு ஈத்தாவது போடட்டும்மா, அதுவும் பொம்பளப் பிறவிதானே" என்றார். ஊரடங்கும் உண்மை, காய்ச்சலும் உண்மை. ஆனால் ஆகஸ்ட் கடைசியில் இரண்டு வாரம் எந்தத் தடையும் இல்லாமல் இருந்தது, கிளினிக் திறந்திருந்தது, செவலை தேறிவிட்டிருந்தாள், நான் போன் செய்து நாள் குறிக்கவில்லை. அத்தை சொன்னதில் எனக்கும் பாதி மனசு இருந்தது. குட்டிகள் ஓடியாடுகிற வீட்டை நானும் மனசுக்குள் ஒரு தடவை பார்த்துவிட்டிருந்தேன்.

செப்டம்பர் முதல் வாரத்தில் தரையில் சொட்டுச் சொட்டாக ரத்தம். ஹீட்டுக்கு, அதாவது சினை பிடிக்கிற பருவத்துக்கு, வந்துவிட்டாள். மருத்துவரைக் கூப்பிட்டால், இப்போது செய்தால் கருப்பைக்கு ரத்த ஓட்டம் அதிகமாக இருக்கும், இரண்டு மாதம் கழித்துக் கூட்டிவாருங்கள், அதுவரை வெளியே விடாதீர்கள் என்றார். ஒரு வாரம் கண்கொத்திப் பாம்பாகக் காவல் காத்தோம். அப்புறம் ரத்தம் குறைந்து, வைக்கோல் தண்ணீர் போல நிறம் வெளுத்தது. முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டோம். எனக்கு அப்போது தெரியாத விஷயம் இது, நாய் வளர்க்கிற யாருக்கும் முதலில் சொல்வதும் இதைத்தான்: ரத்தம் வெளுக்கிற அந்த நாட்களில்தான் பெட்டை நாய் கடுவனை ஏற்கும். அதற்கு முன்னால் கிட்டே வந்தால் உறுமித் துரத்திவிடுவாள்.

தண்ணீர் கேன் போடுகிற பையன் வந்தபோது கேட்டை ஒருக்களித்து வைத்திருந்தான். ஐந்து நிமிடம்கூட இருக்காது. தெரு முனையில் செவலையும் மணியும் ஒட்டிக்கொண்டு, ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி நின்றார்கள். மணி எங்கள் தெருவின் வயசான கடுவன், ஒரு காது கிழிந்தவன். இரண்டு பையன்கள் கல்லெடுத்தார்கள், எதிர்வீட்டு மாமா ஒரு வாளித் தண்ணீரோடு வெளியே வந்தார். வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுத் தடுத்தேன். பிடித்து இழுத்தால் இரண்டுக்கும் காயமாகும், அது தானாக விடுபடக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவ்வளவு நேரமும் தெருவில் அவள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். அவள் உடம்பு நடுங்கிக்கொண்டே இருந்தது. ஒன்பது மாதக் குழந்தை அவள்.

அக்டோபர் கடைசியில் மடி இறங்கியது. ஸ்கேன் திரையில் சின்னச் சின்னத் துடிப்புகள். மருத்துவர் மறைக்காமல் சொன்னார்: சினையாக இருக்கும்போதே கருப்பையை எடுத்துவிடலாம், காப்பகங்களில் செய்கிறார்கள், ஆனால் நாள் தள்ளிவிட்டது, முடிவு உங்களுடையது. அந்தத் துடிப்பைப் பார்த்த பிறகு என்னால் முடியவில்லை. செய்கிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இருக்கிற குட்டிகளுக்கே இடமில்லாத காப்பகத்தில், குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸ் சுற்றிக்கொண்டிருக்கிற கூண்டுகளுக்கு நடுவே இன்னும் ஆறு பிறக்க வேண்டுமா என்று தினம் தினம் முடிவெடுக்கிறவர்களுக்கு என்னைப் போல ஒரு வீடும் ஒரு நாயும் இல்லை. அவர்களை அந்த இடத்துக்குத் தள்ளுவது என்னைப் போல ஆறாவது வரியைத் தள்ளிப்போட்டவர்கள்.

நவம்பர் 11, தாழ்வு மண்டலம் சென்னைக்கு அருகே கரை கடந்த நாள். சேலையூரில் எங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர், கரண்ட் இல்லை. மாடிப்படிக்குக் கீழே பழைய புடவைகளை விரித்து, டார்ச் வெளிச்சத்தில், இரவு பதினொன்றிலிருந்து விடிகாலை நாலு வரைக்கும் செவலை ஐந்து குட்டி போட்டாள். இரண்டு கடுவன், மூன்று பெட்டை. கடைசிக் குட்டி வந்தபோது அவளுக்கு நக்கக்கூடத் தெம்பில்லை, நானே துண்டால் துடைத்து மூக்கில் இருந்த சளியை எடுத்துவிட்டேன். அவளும் இன்னும் வளர்ந்து முடியாத குட்டிதான், பால் கொடுத்துக் கொடுத்து ஒரு மாதத்தில் முதுகெலும்பு வரிசையாகத் தெரிந்தது.

அந்த ஐந்து குட்டிகளுக்கு என்ன ஆனது என்பதைச் சொல்கிறேன். கடுவன் இரண்டையும் ஒரே வாரத்தில் கேட்டு வாங்கிப் போனார்கள். ஒன்று மேடவாக்கத்தில் இன்றும் நன்றாக இருக்கிறது. இன்னொன்று ஐந்தாவது மாதத்தில் கேட் திறந்திருந்த நேரம் ஓடிப்போய் வேன் சக்கரத்தில் மாட்டிக்கொண்டது. பெட்டைகளுக்கு ஆள் இல்லை. போட்டோ பார்த்துவிட்டு ஆசையாகக் கூப்பிடுவார்கள், "பொட்டையா? வேண்டாம்மா, குட்டி போட்டா யாரு பார்க்கிறது" என்று வைத்துவிடுவார்கள். அவர்கள் பயந்ததும் நியாயம்தான், அதே பயத்துக்கு நானே சாட்சியாக உட்கார்ந்திருந்தேன். மூன்றில் ஒன்று ஒன்பதாவது வாரம் பார்வோவில் போய்விட்டது, இரண்டு நாள் டிரிப்ஸ் ஏற்றியும் நிற்கவில்லை. ஒன்றைக் கூடுவாஞ்சேரி பக்கம் வீடு கட்டிக்கொண்டிருந்த ஒரு குடும்பத்துக்குக் கொடுத்தேன், மனைக்குக் காவல் வேண்டும் என்றார்கள். மூன்றாவதை, கறுப்பியை, நாங்களே வைத்துக்கொண்டோம்.

கூடுவாஞ்சேரிக்குக் கொடுத்தபோது நான் படிவம் எதுவும் வாங்கவில்லை. தெரிந்தவர் வழியாக வந்தவர்கள், காகிதம் நீட்டினால் மரியாதையாக இருக்காது என்று கூச்சம். "ஆறு மாசத்துல ஆபரேஷன் பண்ணிடுங்க" என்று வாயால் சொன்னேன், அவர்களும் என்னைப் போலவே தலையாட்டினார்கள். ஒரு வருடம் கழித்துக் கூப்பிட்டேன். "அதுவா, ஆறு குட்டி போட்டுச்சு, வீட்டு வேலை முடிஞ்சதும் நாங்க அந்தப் பக்கம் போகல, இப்ப எங்க இருக்குன்னு தெரியலைங்க" என்றார் அந்த அம்மா, கோபமில்லாமல், சாதாரணமாக. போனை வைத்துவிட்டுச் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு காப்பகம் தெருவிலிருந்து காப்பாற்றிக் கொடுத்த ஒரே ஒரு குட்டி, என் கை வழியாக, இரண்டே வருடத்துக்குள் மறுபடி தெருவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, ஏழாக.

காப்பகங்கள் ஆறாவது வரியை ஏன் அப்படிப் பிடிவாதமாக எழுதுகின்றன என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. தத்துக் கொடுப்பது என்றால் ஒரு கூண்டு காலியாவது. கொடுத்த நாய் குட்டி போட்டால் அந்தக் கூண்டு ஆறு மடங்காக நிரம்பும். பெட்டை நாய் வருடத்துக்கு இரண்டு தடவை ஹீட்டுக்கு வரலாம், சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள்தான். பூனை இன்னும் வேகம், நான்கைந்து மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும், முந்தின ஈத்துக் குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த சினை பிடிக்கும். பூனைக்கும் ஆறு மாதம் என்று சொல்லிக் காத்திருந்தால் காரியம் கெட்டுவிடும், நான்கு மாதத்திலேயே செய்யச் சொல்கிறோம்.

இந்த ஊருக்கு இது தெரிந்திருக்க வேண்டிய விஷயம். மெட்ராஸ் மாநகராட்சி 1860-லிருந்து தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுகொண்டே இருந்தது, அதுவும் கடைசிக் காலங்களில் மின்சாரம் பாய்ச்சி. 1996 வாக்கில் நாளொன்றுக்கு 135 நாய்கள் வரை கொல்லப்பட்டதாக சென்னையின் விலங்கு நல அமைப்பான ப்ளூ கிராஸின் சின்னி கிருஷ்ணா எழுதியிருக்கிறார். நூற்று முப்பது வருடத்துக்கு மேல் கொன்றும் நாய்கள் குறையவில்லை. கருத்தடை செய்து, வெறிநாய்க்கடி ஊசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடுங்கள் என்று ப்ளூ கிராஸ் 1964-லிருந்தே சொல்லிவந்ததை மாநகராட்சி ஏற்றுக்கொண்டது 1996-இல்தான். நாம் இன்று சாதாரணமாக 'ஏபிசி பண்ணியாச்சா' என்று கேட்கிறோமே, அந்த ஏபிசி (Animal Birth Control, விலங்குக் கருத்தடை) அங்கிருந்து வந்தது. ஆனாலும் மாநகராட்சியின் 2024 கணக்கெடுப்பில் சென்னைத் தெருக்களில் ஏறக்குறைய 1.8 லட்சம் நாய்கள், அதில் கருத்தடை ஆனவை நான்கில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் அதிகம். புளியந்தோப்பிலும் கண்ணம்மாபேட்டையிலும் உள்ள மாநகராட்சி மையங்களில் நாளெல்லாம் நின்று ஆபரேஷன் செய்கிறார்கள், இந்தப் பக்கம் வீடுகளில் பிறந்த குட்டிகள் கோணிப்பையில் கட்டி மீன் மார்க்கெட் ஓரத்தில் விடப்படுகின்றன. தெருநாய் என்று நாம் சொல்வதில் எவ்வளவோ, ஒரு தலைமுறைக்கு முன்னால் யாரோ வீட்டு நாய். 2023 மார்ச்சில் வந்த மத்திய அரசின் விதிகளில்கூட வீட்டு நாய்க்குத் தடுப்பூசியும் கருத்தடையும் வளர்ப்பவர் பொறுப்பு என்றுதான் இருக்கிறது. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் டெல்லித் தெருநாய்களை எல்லாம் பிடித்து அடைக்கச் சொல்லி, பதினோரு நாளில் அதைத் திருத்தியபோது ஊரே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. சண்டை போட்ட இரண்டு பக்கத்திலும் வீட்டில் கருத்தடை செய்யாத நாய் வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும்.

போனில் என்ன சொல்வார்கள்? "பாவமா இருக்குங்க" என்பதுதான் முதல் பதில். அதைச் சொல்கிறவர்கள் மனசில் நிஜமாகவே ஈரம் இருக்கிறது, அதனால் நான் அவசரப்படுவதில்லை. செவலைக்குச் செய்தபோது எப்படி இருந்தது என்று சொல்வேன். காலையில் விட்டு மாலையில் கூட்டிவந்தோம். மயக்கம் தெளியாமல் கண் பாதி செருகி, வழியெல்லாம் முனகினாள். வயிற்றில் மூன்று விரல்கடை நீளத்துக்குத் தையல், சுற்றி மயிர் வழித்த இடம் ரோஜா நிறத்தில் இருந்தது. மறுநாள் காலை தயிர்சோறு சாப்பிட்டாள். மூன்றாம் நாள் தையலை நக்காமல் இருக்கக் கழுத்தில் போட்ட கோனோடு சோபாவில் ஏறப் பார்த்தாள், தடுக்கிறதுதான் பெரும்பாடு. பத்தாம் நாள் தையல் பிரித்தார்கள். அந்தப் பத்து நாளையும், அவள் குட்டிகளுக்குப் பால் கொடுத்துத் தேய்ந்த இரண்டு மாதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தவள் நான்.

'ஒரு ஈத்து' பேச்சு அடுத்தது. ஒரு தடவை குட்டி போட்டால் உடம்புக்கு நல்லது என்பதற்கு எந்த மருத்துவரும் எனக்கு ஆதாரம் காட்டவில்லை. தள்ளிப்போடுவதில் உள்ள ஆபத்து தெரிந்ததுதான். கருப்பையில் சீழ் கட்டுகிற நோய், கருத்தடை செய்யாத பெட்டைகளில் பத்து வயதுக்குள் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு வருகிறது என்று ஸ்வீடனில் காப்பீட்டுக் கணக்குகளை வைத்துக் கண்டிருக்கிறார்கள். அது வந்தால் ராத்திரியோடு ராத்திரியாக அதே கருப்பையை எடுக்க வேண்டும், அதுவும் உயிர் ஊசலாடுகிற கிழநாயிடமிருந்து. மடியில் கட்டி வருவது, முதல் ஹீட்டுக்கு முன்னால் செய்துவிட்டால் மிகமிக அரிது என்று 1969-இல் வந்த ஓர் ஆய்வை எல்லோரும் சொல்வார்கள். பின்னாளில் 2012-இல் இந்த ஆய்வுகளையெல்லாம் எடுத்துப் பார்த்தவர்கள் ஆதாரம் அவ்வளவு வலுவாக இல்லை என்றும் சொன்னார்கள், அதனால் அதை நான் ரொம்ப அழுத்திச் சொல்வதில்லை. குண்டாகிவிடும் என்பார்கள். ஆகும், பசி கூடும், சோற்றைக் கால்வாசி குறைத்து நடக்கக் கூட்டிப்போனால் ஆகாது.

ஆண் நாய் வைத்திருப்பவர்கள் "அது கடுவன்தானே, எங்க வீட்லயா குட்டி போடப்போகுது" என்பார்கள். அங்கே எனக்குக் கொஞ்சம் குரல் உயர்ந்துவிடும். மணி யார் வீட்டு நாயாக இருந்திருந்தாலும் செவலைக்கு நடந்தது நடந்திருக்கும். பெட்டையை விடக் கடுவனுக்கு ஆபரேஷன் ரொம்பச் சின்னது, வயிற்றைத் திறக்க வேண்டியதே இல்லை. தெருநாய்களிடம் புணர்ச்சி வழியாகத் தொற்றுகிற ஒரு புற்றுக்கட்டி நம் ஊரில் நிறைய உண்டு, மணிக்கே அது வந்து வாராவாரம் வின்கிரிஸ்டின் ஊசி போட்டுத்தான் குணமானது.

ஒரே ஒரு கேள்விக்கு நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ரொம்பச் சீக்கிரம் செய்தால் எலும்பு மூட்டு கெடும் என்று படித்தேனே என்று சிலர் கேட்கிறார்கள். உண்மைதான், கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பெஞ்சமின் ஹார்ட் குழுவினர் அதைத்தான் ஆராய்ந்தார்கள். கோல்டன் ரெட்ரீவர் போன்ற பெரிய இனங்களில் ஒரு வயதுக்கு முன் செய்தால் மூட்டுக் கோளாறு கூடுவதையும், கலப்பு நாய்களில் 20 கிலோவுக்கு மேல் வளர்பவற்றுக்கு அந்த ஆபத்து இருப்பதையும் கண்டார்கள். ராஜபாளையமோ லேப்ரடாரோ வைத்திருப்பவர் மருத்துவரிடம் பேசி நாள் குறிக்கட்டும். தெருவில் எடுத்த நம் நாட்டு நாய்ப் பெட்டை பெரும்பாலும் 20 கிலோவைத் தொடாது, செவலை 16 கிலோ.

என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன்: கையெழுத்து மட்டும் போதாது. வளர்ந்த நாயைக் கருத்தடை செய்யாமல் எந்தக் காப்பகமும் வாசலைத் தாண்டி விடவே கூடாது. அதுவும் யாரோ கைவிட்ட லேப்ரடார், பொமரேனியன் பெட்டைகளை. அவற்றைக் கேட்டு வருகிறவர்களில் குட்டி விற்கிறவர்கள் உண்டு, சிரித்துப் பேசி, பிஸ்கட் வாங்கிவந்து, ஆபரேஷன் ஆகிவிட்டது என்று தெரிந்ததும் திரும்பி வராமல் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். குட்டிகள் விஷயம்தான் சிக்கல். ஆறு மாதம் வரை காப்பகத்திலேயே வைத்திருந்தால் பார்வோவும் டிஸ்டெம்பரும் பாதியை வாரிக்கொண்டு போகலாம், பிழைத்ததைக் கேட்கவும் ஆள் வராது, எல்லோருக்கும் பஞ்சுப் பொதி மாதிரிக் குட்டிதான் வேண்டும். அதனால் இரண்டு மாதத்தில் கொடுத்துவிட்டு வாக்கை நம்புகிறார்கள். கலிஃபோர்னியாவில் இதற்குச் சட்டமே இருக்கிறது. கருத்தடை செய்துதான் கொடுக்க வேண்டும், உடல்நிலை சரியில்லை என்று மருத்துவர் எழுதிக்கொடுத்தால் மட்டும் 40 முதல் 75 டாலர் வரை முன்பணம் வாங்கிக்கொண்டு அனுப்பலாம், செய்து முடித்துச் சான்று காட்டினால் பணம் திரும்பக் கிடைக்கும். இரண்டு மூன்று மாதக் குட்டிகளுக்கே அங்கே செய்கிறார்கள். இங்கே குடற்புழுவும் உண்ணியுமாக ரத்தசோகையோடு வருகிற குட்டிகளுக்கு அவ்வளவு சீக்கிரம் துணிய மருத்துவர்கள் தயங்குவது எனக்குப் புரிகிறது. ஆனால் முன்பணம் வாங்கலாமே. எங்கள் காப்பகத்தில் அதைக் கேட்டு மூன்று மாதம் மல்லுக்கட்டினேன், பணம் கேட்டால் ஆள் வர மாட்டார்கள் என்று பயந்தார்கள். கடைசியில் தொகையைக் குறைவாக வைத்து, ஆபரேஷன் நாளில் அதையே செலவுக்குக் கழித்துக்கொள்வதாக ஆரம்பித்திருக்கிறோம். வருவது நின்றுவிடவில்லை.

இன்னொன்று, காது. கறுப்பிக்கு ஆறாவது மாதமே செய்தோம், சொன்ன தேதிக்கு ஒரு நாள் தவறாமல். மயக்கத்தில் இருக்கும்போதே காது நுனியில் சின்னதாக ஒரு 'வி' வெட்டு போடட்டுமா என்று கேட்டார்கள், கருத்தடை ஆனதற்கு அடையாளமாகத் தெருநாய்களுக்குச் செய்வது போல. வீட்டு நாய்க்கு அழகு கெடும் என்று என் வீட்டுக்காரர் தயங்கினார். அவள் என்றைக்காவது வழி தவறிப் போய், நாய் பிடிக்கிற வண்டியில் ஏற்றப்பட்டு, மயக்க ஊசி போட்டு வயிற்றைத் திறந்து பார்த்து, உள்ளே எடுக்க ஒன்றுமில்லை என்று மறுபடி தைப்பதை நினைத்துப் பார்த்தேன். போடுங்கள் என்று சொன்னேன். இப்போது அவள் என் காலடியில் தூங்கும்போது அந்த வெட்டைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது, ஓரம் வழுவழுவென்று ஆறியிருக்கிறது.

நேற்று சாயங்காலம் பட்டியலில் பதினோராவது எண். மூன்று தடவை எடுக்காத வீடு, இந்தத் தடவை ஒரு பையன் எடுத்தான், பத்தாவது படிக்கிறானாம். "அக்கா, நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க. அம்மா வேலைக்குப் போறாங்க, நான்தான் ஆட்டோல கூட்டிட்டுப் போறேன். நைட்டு சோறு வைக்கலாமா?" ராத்திரி எட்டு மணிக்கு முன்னால் கொஞ்சமாக வை, அப்புறம் எதுவும் வேண்டாம், தண்ணீர் எத்தனை மணி வரைக்கும் என்று கிளினிக்கில் கேட்டுக்கொள் என்றேன். "பயப்படுமா அக்கா?" என்றான். அது படுத்துப் பழகிய போர்வையைக் கையோடு எடுத்துக்கொண்டு போ, கண் முழிக்கும்போது அந்த வாசனை இருக்கட்டும், நீ பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிரு என்றேன். என்ன பேசுவது என்று கேட்டான். எப்போதும் என்ன சொல்லிக் கூப்பிடுவாயோ அதையே சொல்லு என்றேன்.